ஐந்து பேருக்குக் குறைந்தால்

ஹூட்டகள்ளித் தொழிற்பேட்டையில் இருக்கும் அந்தக் கம்பெனியில் சம்பளத்தைப் பற்றி மூச்சுவிட்டால் வேலை போகும். சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அதே கம்பெனிக்கு ஒரு நாள் ஞானம் பிறந்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம்பளத்தில் எத்தனை வித்தியாசம் என்று எல்லோரும் பார்க்கும்படி டேஷ்போர்டு போட வேண்டுமாம். வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டதால் பிறந்த ஞானம். வேலை அனுப்ரியாவின் தலையில் விழுந்தது.

பெயர்களை நீக்கித்தான் விவரம் கொடுத்தார்கள். ஆண்களின் சராசரி, பெண்களின் சராசரி, இடைவெளி எத்தனை சதவீதம் என்று ஃபார்முலா எழுதி, பதவிவாரியாகப் பிரித்தாள். சீனியர் அனலிஸ்ட் வரிசையில் ஆண் ஒன்று, பெண் ஒன்று. பெயர் எதற்கு? பெண் அவள்தான். ஆண் மனோஜ்குமார், மூன்று வருடம் முன்பு கொள்ளேகாலிலிருந்து வந்து, இந்த ஃபார்முலாக்களை அவளிடமே கற்றவன். அவளைவிட மாதம் பதினெட்டாயிரம் அதிகம் வாங்குகிறான். அடுத்த வாரம் சம்பள உயர்வுப் பேச்சு. இந்த ஒரு கட்டத்தைக் காட்டியே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

மேனேஜர் ஹேமந்தின் கண்ணும் அந்தக் கட்டத்தில்தான் போய் நின்றது.

“ஆணோ பெண்ணோ, அஞ்சு பேருக்குக் கம்மியா இருந்தா அந்த வரிசையைக் காட்டக் கூடாதும்மா. பிரைவசி. உங்க நல்லதுக்குத்தானே? ஒரு கண்டிஷன் போட்டுடுங்க, ஆய்த்தா, சரியா?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது அந்தக் காலம். இப்போது ஒரு வரி போதும். அதையும் அவளே எழுதினாள். கட்டம் காலியானது. பெரிய பதவி எதிலும் ஐந்து பெண்கள் இல்லாததால், பெரிய இடைவெளிகள் எல்லாம் கூடவே போயின. மிச்சத்தில் இடைவெளி இரண்டே சதவீதம். கேக் வெட்டினார்கள்.

அடுத்த வாரம் அவள் கேட்டபோது ஹேமந்த் கையை விரித்தார். “எதை வெச்சும்மா கேக்கறீங்க? டேஷ்போர்டுல அப்படி ஒண்ணுமில்லையே. நீங்க போட்டதுதானே அது?”

வெளியே வந்தவளை மனோஜ்குமார் மடக்கினான். “அக்கா, நம்ம கட்டம் ஏனுங்க காலியா இருக்குது?”

“அதுல நீயும் நானும் ரெண்டே பேருதான். பேர் இல்லாட்டியும் யாருக்கு எவ்ளோன்னு தெரிஞ்சிடும்.”

அவன் முகம் வெளுத்தது. இவனாவது தனக்காக ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்து நின்றாள்.

“அப்போ என் சம்பளம் உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுங்களா? யாருகிட்டயும் சொல்லிராதீங்கக்கா.”