படங்கை உதறிய காலை

என் வீட்டுக்காரர் றொனால்டுக்குக் காரைக் கழற்ற நல்ல வேளையே வாய்க்காது. என் தங்கச்சி தெரேசாவுக்குப் பிரசவ நாள் நெருங்கியிருக்கிற நேரம் பார்த்து, வாசலில் எஞ்சின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏத்தத்துல இழுக்கமாட்டேங்குது மெரினா. எஞ்சினுக்குள்ள டக்டக்னு டெப்பட் சத்தம் வேற. தெரேசாவ ஏத்திக்கிட்டுப் போறப்ப பாதி மலையில நின்னா என்ன செய்றது?"

அந்தப் பயம் எனக்கும் உண்டு. போன தடவை அவளுக்கு வலி எடுத்தபோது, தேயிலைக் கொழுந்தை நிறுத்து முடியும்வரை தோட்டத்து லொறி வரவில்லை. பிள்ளை வழியிலேயே போய்விட்டது. அவள் புருஷன் சுமனுக்குக் கொழும்பில் கடை வேலை. "இந்த வாட்டி என் காரு உன் வாசல்ல நிக்கும்" என்று றொனால்ட்தான் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

எஞ்சினுக்குள் எட்டுக் கம்பிகள் ஏறி இறங்கி, ரொக்கர் என்கிற எட்டுக் குட்டிக் கைகளைத் தள்ளுகின்றன. அவை வால்வை அமுக்கித் திறக்கின்றன. தேய்ந்துபோன மூன்று ரொக்கருக்குப் பதிலாக ஹட்டனில் புதிது வாங்கி வந்திருந்தார். மற்றதெல்லாம் இருந்த இடத்துக்கே திரும்பப் போக வேண்டுமாம். புருஷன் பொண்டாட்டி மாதிரி ஒன்றோடொன்று தேய்ந்து பழகியதாம், எனக்கே பாடம். கழற்றியதை வரிசை மாறாமல் அடுக்கி வைக்க அவருக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? என் படங்கு. கொழுந்து பறிக்கும்போது நான் இடுப்பில் கட்டுகிற தடித்த துணி. இருட்டியதும் அதன் பாதியை மடித்து மேலே மூடிவிட்டுப் படுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விடிந்தும் விடியாத மழையிருட்டில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்கு அவசரமாகக் கிளம்பினேன். படங்கை உதறாமல் கட்டுகிற பொம்பளை எங்கள் மலையில் கிடையாது. மடிப்பில் இரத்தம் குடிக்கிற அட்டை இருக்கும். வாசல் பெஞ்சில் கிடந்ததை முனையைப் பிடித்து ஒரே இழுப்பு, ஒரே உதறு. வாசலெல்லாம் இரும்பு உருண்டது.

றொனால்ட் ஓடிவந்து பார்த்தார். அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவரோ படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எது எங்க இருந்துச்சுன்னு இனி எப்புடிக் கண்டுபுடிக்கிறது?"

"எம் படங்குல யாருங்க வைக்கச் சொன்னது?" என்றேன்.

அந்த நேரத்தில்தான் தெரேசா குடியிருக்கிற பக்கத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து பேச்சியம்மா ஓடிவந்தாள். தெரேசாவுக்கு வலி வந்துவிட்டது. அம்புலன்ஸைக் கூப்பிட்டோம். கீழ்ப் பாதையில் மண் சரிந்து, அது அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. லயத்தில் இருந்த ஒரே ஆட்டோவும் வாடகை ஹயருக்குப் போயிருந்தது. மிச்சம் மேல் பாதையும் இந்தக் காரும்தான்.

"எதையாவது எதுலயாவது போட்டு ஓட வைங்க," என்றேன்.

"எஞ்சின் கெட்டுப்போகும் மெரினா."

"போகட்டுங்க. தலைக்கு மேல வெள்ளம் போயிருச்சு. சாண் போனா என்ன, முழம் போனா என்ன."

வாடகைக்கு ஓடுகிற அந்தக் கார்தான் எங்கள் சோறு. அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு எழுந்தார். நான் கம்பிகளை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுக்கக் கொடுக்க ஒவ்வொன்றாக இறக்கினார். அவர் சொன்னபோதெல்லாம் ஸ்பேனரைப் போட்டு எஞ்சினைச் சுற்றினேன். அவர் ரொக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் மெல்லிய தகடு விட்டு இடைவெளி பார்த்தார். ஸ்டார்ட் ஆனபோது தகரத்தில் கல் மழை பெய்கிற சத்தம். ஆனால் ஓடியது.

வழி நெடுக தெரேசா என் மடியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கார் கத்திக் கத்தியே மலையேறியது. நுவரெலியா ஆஸ்பத்திரி வரை எங்கேயும் நிற்கவில்லை.

பெண்பிள்ளை. பார்வை நேரத்தில் நாங்கள் வார்டுக்குள் போனபோது வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகையைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் லேசானது. றொனால்ட் கட்டிலுக்குக் கிட்டே வராமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் கீழே போய் எஞ்சினைத் திறந்து பார்த்திருக்கிறார். விரலெல்லாம் எண்ணெய்க் கறுப்பு.

"கிட்ட வாங்க மச்சான்," என்றாள் தெரேசா.

"கையெல்லாம் கறுப்பும்மா. புள்ள மேல பட்டுரும்."

"படட்டும். போன புள்ளைக்கு ஒரு கறுப்புப் பொட்டு வைக்கக்கூட எனக்குக் குடுத்து வைக்கல. இவளுக்கு நீங்க வைங்க."

றொனால்ட் ஒற்றை விரலால் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார். பிறகு முகத்தை மறைக்கக்கூடத் தெரியாமல், வார்டே பார்க்க நின்று அழுதார்.