மேப் அண்ணனின் பாஸ்வேர்டு

வணக்கம். எல்லோரும் சௌக்கியமா? முழங்கால் வலிக்காரர்கள் காலை நீட்டி உட்காருங்கள், கண் மங்கலானவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். மாத்திரை போட்டாயிற்றா? சரி, வாயைக் கொடுத்துவிட்டு ஒரு பெண் கூனிக் குறுகிப்போன கதை இது. கேளுங்கள்.

பள்ளிப் பாடப்புத்தகம் தயாரிக்கிற அலுவலகம் ஒன்று. மூன்றாவது மாடியில் நீளமான ஹால், முப்பது மேக் கணினிகள். படமும் பாடமும் சர்வரில் 'பொது ஃபோல்டர்' என்று ஒரே இடத்தில் இருக்கும். காலையில் வந்து அவரவர் பாஸ்வேர்டை அடித்து அதைத் திறந்தால்தான் வேலை ஓடும். எந்தக் கணினியில் எது திறக்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒரு தரம் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று மூலையிலுள்ள கண்ணாடி அறையிலிருந்து ஒருத்தி எல்லாவற்றுக்கும் சட்டம் போடுவாள். ஐந்து தரம் தப்பாக அடித்தால் லாகின் தானே பூட்டிக்கொள்ளும். அவள் வந்துதான் திறக்க வேண்டும். அதனால் ஹாலில் அவளுக்குப் பேர் பூட்டக்கா.

பூட்டக்காவுக்கு இரண்டு விஷயத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒன்று, சுவரில் அவள் ஒட்டிய நோட்டீஸ்: 'பாஸ்வேர்டை நினைவில் வைக்கவா என்று கணினி கேட்டால் டிக் போடாதீர்கள். பாஸ்வேர்டைப் பேப்பரில் எழுதாதீர்கள்.' கீழே அவள் கையெழுத்து. இன்னொன்று, யார் பாஸ்வேர்டு அடித்தாலும் சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். பக்கத்தில் ஒருவர் சட்டை மாற்றினால் நாம் திரும்பிக்கொள்வோமே, அந்த மாதிரி.

ஜன்னல் ஓரத்தில் மேப் அண்ணன். பூகோளப் புத்தகங்களுக்கு வரைபடம் வரைகிறவர், ஐம்பத்தெட்டு வயது. மூன்று வாரத்துக்கு முன்னால் அவருக்குப் புது மேக் வந்தது. போன வாரத்திலிருந்து பொது ஃபோல்டர் மக்கர் பண்ணியது. பூட்டக்கா வந்து திறந்துவிடுவாள், ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடும். மனுஷன் டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். அடித்தால் ஏற்காது. பார்த்தால் பூட்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை நாலாவது தரம் கூப்பிட்டபோது பூட்டக்காவுக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது.

"அண்ணே, என் கண்ணு முன்னால அடிங்க. எங்க தப்பு வருதுன்னு பாத்துடலாம்."

அன்றைக்கு அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவர் விரலையே பார்த்தாள். ஆள்காட்டி விரல் ஓர் எழுத்தின் மேல் போய் நின்றது, கொஞ்சம் நடுங்கியது, பிறகு இறங்கியது.

"அட, இதான் விஷயமா. கை இந்த ஆட்டம் ஆடினா பாஸ்வேர்டு எப்படிண்ணே சரியா விழும்? இதுல கடற்கரை வேற வரையறீங்க."

பக்கத்து மேஜையில் அட்டைப்படம் போடுகிறவர் விடுவாரா? "அதான் போன புத்தகத்துல தீவு ஒண்ணு கூடுதலா இருந்துச்சு போல."

ஹாலே சிரித்தது. மேப் அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வலது கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பூட்டக்கா தன் அறைக்குப் போய், புகார்ப் பட்டியலில் காரணம் என்ற கட்டத்தில் நாலாவது தரமாக எழுதினாள்: 'பயனர் தவறாக அடித்தார்.'

அதற்கப்புறம் மேப் அண்ணன் அவளைக் கூப்பிடவில்லை, தன் கணினியில் ஏற்கெனவே இருந்த மேப்பையே வரைந்துகொண்டிருந்தார். புதன்கிழமை, அலுவலகத்துப் புத்தகங்களுக்கெல்லாம் எடிட்டரான தலைமை ஆசிரியை அவளைக் கூப்பிட்டார்.

"மேப் போடறவருக்குக் கை நடுங்குதுன்னு நீ சொன்னியாமே. உன் பட்டியல்லயும் நாலு தரம் அதே கதைதான். அடுத்த புத்தகத்து மேப்பை வெளியாள்கிட்ட குடுத்துடலாம்னு இருக்கேன். நாளைக்கு அவர்கிட்ட பேசணும். எத்தனை தரம் தப்பா அடிச்சார், எப்போன்னு ஒரு லிஸ்ட் எடுத்துக் குடு."

பூட்டக்கா தன் அறைக்குத் திரும்பினாள். நான் பொய்யா சொன்னேன், கண்ணால பாத்ததைத்தானே சொன்னேன் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு லிஸ்டை எடுக்க உட்கார்ந்தாள்.

பிற்பகல் ஒரு மணிக்கு ஒரு தப்பு. ஒன்றேகாலுக்கு ஒன்று. ஒன்றரைக்கு ஒன்று. சாப்பாட்டு நேரத்தில் அவர் எதற்கு வந்து அடித்தார்? லிஸ்டில் இன்னும் கீழே போனாள். ஞாயிற்றுக்கிழமையும் கால் மணிக்கு ஒரு தரம் தப்பு, லாகின் பூட்டிக் கிடந்தபோதும். ஞாயிற்றுக்கிழமை ஹாலில் ஈ காக்கை கிடையாது.

நடுங்குகிற கை இவ்வளவு ஒழுங்காக மணி பார்த்துத் தப்புப் பண்ணாது. கணினியேதான் பண்ணிக்கொண்டிருக்கிறது.

அவள் இருந்த இடத்திலிருந்தே அவருடைய மேக்கைத் திறந்து துழாவினாள். சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளின் பட்டியலில் 'பழைய வரைபடங்கள்' என்று ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

புது மேக் கொடுத்த அன்று, பழைய வரைபடங்கள் இருக்கிற இன்னொரு ஃபோல்டரையும் அதில் இணைத்தவள் அவள்தான். அவரை ஒரு தரம் பாஸ்வேர்டு அடிக்கச் சொன்னாள். 'நினைவில் வைக்கவா?' என்று கணினி கேட்டது. சாப்பாட்டு நேரம், பசி, இன்னும் இரண்டு கணினி பாக்கி. தானே மவுஸை எடுத்து டிக் போட்டாள். அப்புறம் அவள் போட்ட சட்டப்படியே போன வாரம் அவர் பாஸ்வேர்டை மாற்றினார். கணினி பாவம், பழசையே நினைவில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு ஒரு தரம் அந்த ஃபோல்டர் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறது. ஐந்து தரம் தட்டினதும் அவருடைய லாகின் பூட்டிக்கொண்டது. அவர் அடித்ததெல்லாம் சரியான பாஸ்வேர்டுதான்.

அந்த ஒரு வரியை அழித்தால் போதும், வேலை முடிந்தது. அவள் அழிக்கவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார், "யாருக்குத் தெரியப் போகுது? சத்தம் போடாம அழிச்சுட்டு வா."

"அவரு வேலை போயிடுங்க."

"அப்போ போய்ச் சொல்லு. என்னைக் கேட்டு நீ எதைச் செஞ்சிருக்கே இன்னைக்குச் செய்ய?"

போனாள். தலைமை ஆசிரியையின் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ கை நடுங்கறது?" என்றார் அவர்.

"நடுங்குது மேடம். நான் பாக்கக் கூடாததைப் பாத்துட்டேன். ஆனா பாஸ்வேர்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. என் பேச்சை வச்சு எதுவும் பண்ணிடாதீங்க, அவர் போட்ட மேப்பைப் பாருங்க."

தலைமை ஆசிரியை அங்கேயே கடைசி மூன்று வரைபடங்களைத் திறந்து, பெரிதாக்கி, நதி நதியாகப் பார்த்தார். ஒரு கோடுகூடப் பிசகவில்லை.

"சரி, மேப் அவர்கிட்டயே இருக்கட்டும்" என்றவர் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னைக்கு அத்தனை பேர் முன்னால சொன்னே. இன்னைக்குக் கதவைச் சாத்திட்டுச் சொல்றே. இல்லையா?"

பூட்டக்கா கதவைத் திறந்தாள். வெளியே வந்தாள். அந்த ஹால் அன்றைக்கு அவளுக்கு ஊர்க்கோடி வரைக்கும் நீண்டது. மேப் அண்ணன் மேஜைப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணே, எல்லாரும் கேளுங்க. இவர் ஒரு தரம்கூடத் தப்பா அடிக்கல. பழைய பாஸ்வேர்டு மெஷின்ல மாட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு டிக் போட்டது நான்."

அட்டைக்காரர் சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நோட்டீஸ் ஒட்டின கையாலயா அக்கா?"

ஹால் மறுபடி சிரித்தது. வாங்கிக்கொண்டாள். மேப் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த பேப்பர் ஒன்றை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். பிரித்தாள். ஒரே பாஸ்வேர்டு, மேலிருந்து கீழ் வரைக்கும், பள்ளிக்கூடத்தில் தண்டனை எழுதின மாதிரி எழுதியிருந்தது. முதல் வரிகள் கோணல், போகப் போக நேராக வந்திருந்தன.

"அஞ்சு நாளா வீட்ல எழுதிப் பழகினேன் தங்கச்சி" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "உங்க அண்ணி என்னங்க எழுதறீங்கன்னு கேட்டா. என்னன்னு சொல்றது? விரலுக்கு மறந்து போச்சான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. டிக் போட்டது சரி, யாருக்கும் வர்ற மறதிதான். அந்தக் கடற்கரைப் பேச்சு வேண்டாமே, அதைத்தான் என்னால தாங்க முடியல."

மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாய் வரைக்கும் வந்தது. அந்தப் பேப்பருக்கு முன்னால் அது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. இருந்தாலும் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"கிழிச்சுப் போட்டுடு. பேப்பர்ல எழுதக் கூடாதுன்னும் உன் நோட்டீஸ்ல இருக்கு."

பூட்டக்கா குனிந்து அந்தப் பழைய வரியை அழித்தாள், லாகினைத் திறந்தாள். "அடிங்கண்ணே" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணுக்கு நேரே அவளுடைய நோட்டீஸ், அவளுடைய கையெழுத்து. முதுகுக்குப் பின்னால் ஓர் எழுத்து விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அவர் அவசரப்படவில்லை, அவளும் திரும்பவில்லை.

"திறந்துடுச்சு. திரும்பலாம்" என்றார் மேப் அண்ணன்.

அவளுக்குத் திரும்ப இன்னும் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது. பிறகு தன் அறைக்குப் போய், காரணம் என்ற கட்டத்தில் நாலு இடத்திலும் பழையதை அழித்துவிட்டு 'தவறு என்னுடையது' என்று எழுதினாள்.

உங்களுக்கும் இப்படி நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஒரு நாள் வந்திருக்குமே. அன்றைக்கு யாரிடம், எப்படிப் போய்ச் சொன்னீர்கள்? சொல்லாமலே விட்டிருந்தாலும் பரவாயில்லை, இரண்டு வரி எழுதிப் போடுங்கள். உட்கார்ந்து படிக்கிறேன்.