பார்ட் வரவில்லை

சர்வீஸ் சென்டரில் லேப்டாப்பைக் கொடுத்த அன்றே ஒரு விஷயம் அவளை உறுத்தியது. கவுன்ட்டரில் இருந்தவன் திரையைப் பார்க்கவில்லை, சார்ஜரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. முதலில் கேட்டது பாஸ்வேர்டைத்தான்.

"அது எதுக்குங்க?"

"ரிப்பேர் முடிஞ்சதும் திறந்து டெஸ்ட் பண்ணணும்ல மேடம்."

கழுத்தை இறுக்கிய நீல டை, காதில் ஒரு ப்ளூடூத், உதட்டிலேயே நின்றுவிட்ட சிரிப்பு. அவனுக்குப் பின்னால் பனிபடர்ந்த மாதிரியான கண்ணாடிக் கதவு. அதற்குள் போகும் லேப்டாப்புகள் என்ன ஆகின்றன என்று இந்தப் பக்கம் நிற்பவர்களுக்குத் தெரியாது. வாரன்ட்டியில் இருக்கும் பொருள், வேறு கடைக்குக் கொண்டுபோனால் வாரன்ட்டியே போய்விடும். "சரிங்க" என்று பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்குப் பிளான் வரைவது அவள் தொழில். எதைப் பார்த்தாலும் நீளம் அகலம் கேட்பவள் என்பதால் கணவன் வைத்த பெயர் 'இஞ்சு'. அவன் லிஃப்ட் மெக்கானிக். இருவருக்கும் சேர்த்து ஒரே மேஜை. இடது பக்கம் அவனுடைய ஸ்பேனர்கள், வலது பக்கம் அவளுடைய லேப்டாப். இப்போது வலது பக்கம் காலியாக, தூசியில் ஒரு நீள்சதுரம் மட்டும் தெரிந்தது.

ஒரு வாரத்தில் தருகிறோம் என்றார்கள். வாரம் போனது. போன் செய்தாள்.

"மதர்போர்டு போயிருக்கு மேடம். பார்ட் வரணும்."

அடுத்த வாரமும் பார்ட் வரணும். அதற்கடுத்த வாரம் பார்ட் துறைமுகத்தில் இருந்தது. பிறகு துறைமுகத்திலிருந்து கிளம்பிவிட்டது. பிறகு, யாரிடம் கேட்டாலும் "அது எங்க டிபார்ட்மென்ட் இல்லை" என்றார்கள். கிணற்றில் போட்ட கல்தான். ஒவ்வொரு முறையும் அவள் "சரிங்க, பரவாயில்லைங்க, வந்ததும் சொல்லுங்க" என்று வைத்துவிடுவாள். வைத்த பிறகுதான் கோபம் வரும்.

"பார்ட் வரணும்னா வரணும். நாங்களே எத்தனை பேர்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கோம்" என்றான் கணவன்.

"சொன்னதெல்லாம் உண்மையா?"

அவன் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான். அந்தத் துடைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

லேப்டாப் இல்லாததைவிட, லேப்டாப்பில் இருந்ததுதான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு நகை வியாபாரியின் புது வீட்டுப் பிளான் அதில் இருந்தது. மாடிப்படிக்கு அடியில் அலமாரி, அலமாரியின் பின்பலகையைத் தள்ளினால் ஒரு சின்ன அறை, அதில் இரும்புப் பெட்டி. "இது எனக்கும் என் சம்சாரத்துக்கும் உங்களுக்கும் மட்டும்தாம்மா தெரியும்" என்று அவர் சொல்லியிருந்தார். இப்போது அது ஒரு டைக்காரனுக்கும் தெரியலாம். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்துவிட்டோமோ என்று நினைத்து ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

ஒரு காலை, போனில், லேப்டாப்புக்கும் பொதுவான தன் ஆன்லைன் கணக்கைத் திறந்து பழைய படம் ஒன்றைத் தேடினாள். அவளுடைய கருவிகள் என்று இரண்டு காட்டியது. ஒன்று போன். இன்னொன்று லேப்டாப். லேப்டாப்பின் பக்கத்தில் பச்சைப் புள்ளி. இப்போது இணைப்பில் இருக்கிறது என்று அர்த்தம்.

மதர்போர்டு இல்லாத லேப்டாப் எப்படி இணைப்பில் இருக்கும்?

உடனே சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டாள். "என் மெஷின் இப்ப எங்க இருக்குங்க?"

"ஒர்க்‌ஷாப்ல பிரிச்சு வச்சிருக்கோம் மேடம். பார்ட் வந்ததும் மாட்டிடுவோம்."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பச்சைப் புள்ளி அவள் கண்முன்னே எரிந்துகொண்டிருந்தது. அவள் வழக்கம்போல "சரிங்க" என்றாள். ஆனால் இது வேறு சரிங்க.

அன்று முழுவதும் கணக்கைத் திறந்து திறந்து பார்த்தாள். மத்தியானம் புள்ளி அணைந்தது. சாயங்காலம் மறுபடி எரிந்தது. யாரோ சாப்பிடப் போய்விட்டு வந்து உட்கார்ந்து வேலை பார்ப்பது போல ஓர் ஒழுங்கு. கணவனிடம் காட்டினாள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஏதாவது பழைய கணக்கா இருக்கும்" என்றான். பிறகு குனிந்து பார்த்தான். மறுபடி பார்த்தான். "இல்லடி. இது ஓடுது" என்றான்.

அவளுக்கு ஒரு யோசனை வந்தது. போனிலிருந்து அந்தக் கணக்கில் எதைப் போட்டாலும் அது லேப்டாப்பின் முகப்பிலும் வந்து நிற்கும். 'இந்த லேப்டாப் திருட்டுப் பொருள். வைத்திருப்பவர் உடனே இந்த எண்ணுக்குப் பேசவும்' என்றே ஒரு ஃபைலுக்குப் பெயர் வைத்துப் போட்டாள். ஒன்றுக்குப் பத்தாகப் போட்டாள்.

கால் மணி நேரத்தில் போன் அடித்தது.

"யாருங்க நீங்க? யாரைத் திருடன்ங்கிறீங்க?" காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்படியொரு குரல்.

"என் லேப்டாப் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"உங்க லேப்டாப்பா? கம்பெனி எனக்குக் கொடுத்தது! போன்ல ஏமாத்துற கூட்டம்தானே நீங்க? ஓடிபி கேட்பீங்களே, கேளுங்க பார்ப்போம்!"

மறுநாள் காலை, ஆட்கள் நடமாடும் இடமாகப் பார்த்து, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் சந்திப்பது என்று முடிவானது. கணவன் பையில் பெரிய ஸ்பேனர் ஒன்றைப் போட்டுக்கொண்டான். "எதுக்கு?" என்றாள். "சும்மா" என்றான்.

வந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாராம். ஓடும் காருக்குள் பயந்தவர்களைப் பார்த்து "பிரேக்! பிரேக்!" என்று கத்திக் கத்தியே குரல் அப்படி ஆகிவிட்டது போல. கையில் லேப்டாப் பையைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு, அவரும் துணைக்கு ஒரு தடியான மைத்துனரைக் கூட்டி வந்திருந்தார். நால்வரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் எடை போட்டார்கள். டீயை யாரும் தொடவில்லை.

"இது உங்களோடதுன்னா அடையாளம் சொல்லுங்க" என்றார் அவர்.

"கீழ்ப்பக்கம் இடது மூலையில அரை இஞ்சுக்கு ஒரு கீறல். கீபோர்டுல எல்-லுங்கிற எழுத்து பாதி அழிஞ்சிருக்கும்."

அவர் பையைத் திறந்து, மேஜைக்குக் கீழேயே வைத்துக் கவிழ்த்துப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது.

"என்னோடதும் ரிப்பேர்லதாம்மா இருக்கு. ரொம்ப நாளா இழுத்தடிச்சாங்க. ஒருநாள் போய் அந்தக் கடையே கிடுகிடுக்கக் கத்தினேன். அந்த டை கட்டினவன் உள்ள போயி இதை எடுத்துட்டு வந்து, 'கம்பெனி ஸ்பேர் சார், உங்களோடது வர்ற வரைக்கும் வச்சுக்குங்க'ன்னு பாஸ்வேர்டை ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்தான். யாரோடதோன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உள்ள என்னென்ன இருக்குன்னு பார்த்தீங்களா?"

அவர் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் டீயைப் பார்த்தார்.

"பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன். சில பிளான் இருந்துச்சு. மாடிப்படியெல்லாம் நல்லா போட்டிருந்தீங்க."

எந்த மாடிப்படி என்று கேட்க அவள் வாயெடுத்தாள். கேட்டால் தெரியாதவருக்கும் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டாள். அவர் முகம் நல்ல மனிதரின் முகமாகத்தான் இருந்தது. ஆனால் கெட்டவனும் நல்ல முகத்தோடுதானே வருவான்?

நால்வருமாக சர்வீஸ் சென்டருக்குப் போனார்கள். இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் டைக்காரனின் சிரிப்பு முதல் தடவையாக உதட்டை விட்டு இறங்கியது.

"ஒர்க்‌ஷாப்ல பிரிச்சு வச்சிருக்கிற மெஷின் இதுதானே?" என்று அவள் லேப்டாப்பைக் கவுன்ட்டரில் வைத்தாள்.

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் கத்தினார். மைத்துனர் கத்தினார். கணவன் பைக்குள் கை விட்டான். அவள் அவன் கையைப் பிடித்தாள். டைக்காரன் வியர்த்து வழிந்து, கடைசியில் ப்ளூடூத்தைக் கழற்றிவிட்டுத் தணிந்த குரலில் சொன்னான்.

"ஸ்பேர்னு கம்பெனி எதுவுமே தர்றதில்லை மேடம். கஸ்டமர் கத்தினா மேலிருந்து என்னைத்தான் திட்டுவாங்க. அதான் ரெடியான மெஷின் ஏதாவது ஒண்ணை…"

"ரெடியானதா? என்னோடது எப்ப ரெடியாச்சு?"

"நீங்க கொடுத்த கொஞ்ச நாள்லயே, மேடம்."

"அப்புறம் ஏன் எனக்குத் தரலை?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க எப்ப போன் பண்ணாலும் சரிங்க, பரவாயில்லைங்கன்னு வச்சுடுவீங்க. சார் கதவை உடைக்கிறார். நான் என்ன பண்றது?"

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழாத பிள்ளையின் பாலையே எடுத்து அதற்கு ஊட்டுவார்கள் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு திருட்டுக் கூட்டத்தையே அவள் கற்பனை செய்து வைத்திருந்தாள். அங்கே இருந்தது, அவளுடைய மரியாதையை அளந்து பார்த்து வைத்திருந்த ஒரு பயந்தாங்கொள்ளி. கூட்டமாக இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"சரி, அப்ப எனக்கு வழி? நாளைக்கு கிளாஸ் இருக்கு" என்றார் வாத்தியார், குரலை ஏற்றி.

டைக்காரன் பழக்க தோஷத்தில் உள்ளே போய் இன்னொரு லேப்டாப்பை எடுத்து வந்தான். சாம்பல் நிறம். மூடியில் யாரோ ஒட்டிய சிவப்புப் பறவை. வாத்தியாரின் கை தானாக நீண்டது. அந்தக் கை சேர்வதற்குள் அவள் தன் உள்ளங்கையைப் பறவையின் மேல் பதித்தாள்.

"இது யாரோடது?"

"மேடம், அது…"

"யாரோடதுன்னு கேட்டேன்." அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் கணவனே திரும்பிப் பார்த்தான். "அவங்களுக்கு இப்பவே போன் போடு. ஸ்பீக்கர்ல போடு."

டைக்காரன் வாத்தியாரைப் பார்த்தான். வாத்தியார் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் போன் போட்டான். யாரோ ஒரு பெண் எடுத்தாள். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"பார்ட் இன்னும் வரலையாங்க? சரி, பரவாயில்லைங்க, அடுத்த வாரம்…"

"வந்துருச்சுங்க" என்று குறுக்கே புகுந்தாள் அவள். "அடுப்பை அணைச்சுட்டு உடனே கிளம்பி வாங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்."

உட்கார்ந்தும் இருந்தாள், மடியில் இரண்டு லேப்டாப்புகளோடு. வாத்தியாரும் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய லேப்டாப்பின் பார்ட் உண்மையாகவே வரவில்லை என்று பிறகு தெரிந்தது. அது வந்து சேர இன்னும் சில வாரங்கள் ஆயின. அதுவரை கரும்பலகையில் சாலைக் குறிகளை வரைந்து பாடம் நடத்தினாராம். டைக்காரனை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே என்ன செய்கிறானோ.

வீட்டுக்கு வந்ததும் பாஸ்வேர்டை மாற்றினாள். மாற்றியும் மனம் ஆறவில்லை. "சொல்லாம விட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் கணவன். "எனக்குத் தெரியும்ல" என்றாள்.

நகை வியாபாரியை அவருடைய கட்டடம் எழும் இடத்திலேயே போய்ப் பார்த்தாள். சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே நின்று, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். நெற்றியைத் தடவிக்கொண்டு, பாதி எழும்பியிருந்த மாடிப்படியை நெடுநேரம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானதுதான்; டைக்காரனையும் வாத்தியாரையும் அவள் பார்த்த அதே பார்வை.

"உங்க மேல சந்தேகம் இல்லைம்மா. வந்து சொன்னீங்களே, அதுவே பெரிசு" என்றார்.

"அறையை வேற பக்கம் மாத்திடலாங்க. ரெண்டு நாள்ல புது பிளான் போட்டுத் தர்றேன். எந்த இடம்னு மட்டும் சொல்லுங்க."

"வீட்டுக்கு மட்டும் பிளான் போடுங்க. சமையலறை, படுக்கையறை எல்லாம் அப்படியே இருக்கட்டும். பெட்டியை மட்டும் படத்துல காட்ட வேண்டாம்."

"அளவு தெரியாம எப்படிங்க…"

"அதை நான் பார்த்துக்கிறேம்மா" என்றார் அவர் மென்மையாக.

அவள் அளக்கும் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, செங்கல் குவியலைச் சுற்றி வெளியே நடந்தாள்.