பன்னுக்கு முந்திய தலைவலி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு டாக்டரின் அறையில், ஒன்பது வருடம் தாமதமாக. ‘நான்’ என்று எழுதக் கை கூசுகிறது. ஆகவே முனாப் என்று எழுதுகிறேன். மனைவி மெஹ்ஜபீனின் பெயரை மாற்றவில்லை. ஒளிந்துகொள்ள வேண்டியவள் அவளல்ல.

2

முதல் தொடக்கம்: தன் தங்கை தஸ்லீமின் நிக்காஹ் அன்று, மொரப்பூர் மண்டபத்தில் மெஹ்ஜபீனுக்கு ஒற்றைத் தலைவலி...

(இந்த வரியை அடித்துவிட்டேன். பஸ்ஸிலேயே அவள் கண்ணில் மின்னல் கோடு ஓடியது.)

இரண்டாவது: பாலக்கோட்டிலிருந்து கொட்டாவிமேல் கொட்டாவி விட்டு வந்தவள், தருமபுரி பஸ் நிலையத்தில் தேங்காய் பன் கேட்டாள். இரண்டு தின்றாள். மண்டபத்தில் வாந்தியெடுத்து இருட்டறையில் சுருண்டாள். தங்கையை மணக்கோலத்தில் பார்க்கவே இல்லை. விசாரித்தவர்களிடமெல்லாம் முனாப் தண்டோரா போட்டான்:

"வாயைக் கட்டத் தெரியலைங்க. ரெண்டு பன்னைத் தின்னுட்டு வந்து படுத்துக்கிட்டா."

மறுநாள் மெஹ்ஜபீன் தங்கையின் கையைப் பிடித்து அழுதாள். "எல்லாம் என் நாக்கால வந்தது. மன்னிச்சுடு தஸ்லீம்."

"சரி விடுக்கா, மன்னிச்சுட்டேன்."

அதன்பின் அவள் இனிப்பைத் தொடவில்லை. தலைவலி மட்டும் தவறாமல் வந்தது. அப்போதும் முனாப்புக்கு உறைக்கவில்லை. அவன் மண்டை அப்படி.

3

போன மாதம் டாக்டர், அவளைக் கண் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுச் சொன்னார்: "பன்னால வந்திருக்காதுங்க. தலைவலி உள்ள ஆரம்பிச்சதாலதான் பன் கேட்டிருப்பாங்க."

(மூளையின் அடியில் பசியையும் தூக்கத்தையும் கவனிக்கும் ஓர் இடம் இருக்கிறது. வலிக்கு ஒரு நாள் முன்பே அங்கே கிளறல் தொடங்கிவிடலாம். கொட்டாவியும் இனிப்பு ஆசையும் அதனால்தான். பிறகு மூளையின் மேற்பரப்பில் ஓர் அலை மெல்ல நகரும். பார்வைக்கான பகுதியை அது கடக்கும்போது மின்னல் கோடு தெரியும். வலி எல்லாவற்றுக்கும் பிறகு வருகிறது.)

மூன்றாவது தொடக்கம்: நிக்காஹுக்கு முந்தின நாள், மெஹ்ஜபீன் வூட்டில் மருதாணி அரைத்துக்கொண்டிருக்க, அவள் தலைக்குள்...

இதுதான் சரி. ஆனால் இதில் திட்ட யாருமே இல்லை.

4

"டாக்டர் என்னங்க சொன்னாரு?" திரும்பும் பஸ்ஸில் கேட்டாள்.

"மாத்திரை மாத்திக் குடுத்திருக்காரு."

பாவி, அவ்வளவுதான் சொன்னான். மண்டபம் முழுக்கக் கூவிய வாய்க்கு, அவளிடம் ஒரு வரி வரவில்லை.

முடிவு ஒன்று: முனாப் மன்னிப்புக் கேட்கிறான், அவள் சிரிக்கிறாள். (பொய்.)

முடிவு இரண்டு: அவள் ஜன்னல் பக்கம் திரும்பி...

எழுத முடியவில்லை. மெஹ்ஜபீன் கதை படிப்பவளல்ல. தஸ்லீம் படிப்பாள். எனவே வாசகர்களே, முடிவை உங்களில் ஒருத்தியிடம் மட்டும் விடுகிறேன். தஸ்லீம், நான் கோழை. நீ அக்காவுக்குப் போன் போடு. அன்று அவளை மன்னித்தாயே, அந்த மன்னிப்பை முதலில் திரும்ப வாங்கிக்கொள்.