கட்டடத்தின் மனசாட்சி

ஹொரியா தும்பிராவா குடியிருப்போர் சங்கத் தலைவரானதும் செய்த முதல் காரியம், லிஃப்டில் ஓர் அறிவிப்பை ஒட்டியது. ‘சுவர் என்பது கட்டடத்தின் மனசாட்சி. அனுமதியின்றி அதைத் தொடுபவர் அண்டை வீட்டாரின் உயிரைத் தொடுகிறார்.’ அமைச்சகத்தில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் எழுதியதை யாரும் படித்ததில்லை. லிஃப்டில் எட்டு மாடிக்காரர்களும் படித்தே ஆகவேண்டியிருந்தது.

அடுத்த வசந்தத்தில், மூன்றாம் மாடியில் தன் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த சுவரை அவரே ஆள் வைத்து இடித்தார். புக்கரெஸ்டில் அந்த வருஷம் எல்லோருக்கும் திறந்த சமையலறை தேவைப்பட்டது. கேட்டவர்களிடம் டைல்ஸ் மாற்றுவதாகச் சொன்னார். மேஸ்திரி, “இது வெறும் தடுப்பு சார், ஒண்ணும் ஆகாது” என்றான். வெறும் தடுப்புக்குள் விரல் தடிமனில் இரும்புக் கம்பி எதற்கு என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை. அவன் கம்பியை அறுத்தபோது அவர் பால்கனிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

இலையுதிர் காலத்தில், நேர் மேல்வீட்டில் அக்லயாவின் கூடத்துக் கதவு சிக்கியது. டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற அக்லயா தனியாக இருப்பவர். ஆள் வைத்துக் கதவை இழைத்தார். மறுபடி சிக்கியது. பிறகு நிலையின் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பியது. அவர் ஒரு மூடிய பாத்திரத்தோடு கீழே இறங்கி வந்தார்.

“தலைவரே, தப்பு என்னோடதுதான். முட்டைக்கோஸ் ஊறப்போட்ட பீப்பாய, பால்கனில எடமில்லன்னு சுவரோரமா வச்சுட்டேன். அந்தக் கனத்துல தரை இறங்கிடுச்சு போல. உங்க கூரைல ஏதும் விரிசல் விட்டிருக்கா?”

ஹொரியா உள்ளே தெரியாதபடி வாசலை அடைத்து நின்றார். ‘பீப்பாய் இல்லை அம்மா, நான்தான்’ என்று சொல்லிவிட வாயைத் திறந்தார். வந்தது வேறு. “ஓரிடத்துல குவியற சுமை ரொம்ப ஆபத்து, அக்லயா அம்மா. இனிமே கவனமா இருங்க.”

பாத்திரத்தில், புளித்த முட்டைக்கோஸ் இலையில் கறியைச் சுருட்டி வேகவைத்த சர்மாலே இருந்தது. ஹொரியா சாப்பிடுவதை அவர் மனைவி சாண்டா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா இருக்கா?”

“இருக்கு.”

“இருக்கும், இருக்கும். நீங்க இடிச்சதுக்கு அந்தம்மா உப்பு பாத்துச் சமைச்சிருக்கே.”

அந்த மாதக் கூட்டம், வழக்கம்போல் கீழ்த்தளத்துத் தபால் பெட்டிகளின் எதிரில் நடந்தது. விரிசல் பேச்சு வந்ததும் அக்லயா தானே எழுந்து பீப்பாயைப் பற்றிச் சொன்னார். முதல் மாடி கோஸ்தின் குதித்தான். “உங்க ஊறுகாய்க்கு நாங்க சாகணுமா? எழுபத்தேழாம் வருஷத்து நிலநடுக்கத்துக்கே அசையாத கட்டடம் இது!” தலைவர் என்ற முறையில் ஹொரியா பீப்பாய்த் தடைத் தீர்மானத்தை நிறைவேற்றினார். ‘நிறுத்து’ என்று சொல்ல எத்தனையோ இடம் இருந்தது. தீர்மானத்தில் ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தினார்.

குளிர்காலம் முழுமைக்குமான முட்டைக்கோஸை அக்லயா முற்றத்துச் சாக்கடையில் கொட்டினார். ஆனாலும் கதவு மூடவில்லை. தினமும் சாயங்காலம் அவர் தோளால் கதவை இடித்து மூடப் பார்ப்பது ஹொரியாவின் கூரையில் கேட்டது. சாண்டா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டவில்லை. வேண்டுமென்றேதான்.

ஹொரியாவால் சாப்பிட முடியவில்லை. நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து, தன்னைத் தெரியாத ஒரு பொறியாளரை வரவழைத்தார். இலிங்கா என்ற அந்தப் பெண் கூடத்தின் நடுவே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“தடுப்புன்னு யார் சொன்னது?”

“மேஸ்திரி.”

“அவர் எங்க?”

“ஸ்பெயின் போயிட்டான்.”

“நீங்க இங்க இருக்கீங்க. மேல இருக்கறவங்களும் இங்கதான் இருக்காங்க.” கூரைக்கு முட்டுக்கொடுக்க இரும்புத் தூண்கள் கேட்டு அங்கேயே போன் போட்டாள். “இது மேல்மாடியத் தாங்கற சுவர் சார். இப்போதைக்கு முட்டு. அப்புறம் அனுமதி வாங்கி இரும்புச் சட்டம் கட்டணும். அதுக்கு மேல்வீட்டம்மா கையெழுத்து வேணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

ஹொரியா மாடி ஏறினார். “அக்லயா அம்மா, ஒரு கட்டடத்துல மேலும் கீழும் ஒண்ண ஒண்ணு சார்ந்துதான்...”

“சுவர எடுத்துட்டீங்களா?”

“எடுத்துட்டேன்.”

அவர் நீட்டிய அனுமதிக் காகிதத்தை அக்லயா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “கையெழுத்து போடறேன். ஆனா என்ன நிக்கவச்சுத் திட்டின எடத்துல, அவங்க முன்னாடியே இதச் சொல்லுங்க. அப்புறம் போடறேன்.”

மறுநாள் மாலை தபால் பெட்டிகளின் எதிரில் எல்லோரும் கூடினார்கள். இலிங்காவும் வந்திருந்தாள். ஹொரியாவின் சட்டைப்பையில் நான்கு பக்க உரை இருந்தது. அதை எடுக்கவில்லை.

“பீப்பாய் ஒண்ணும் செய்யல. நான்தான் சுவர இடிச்சேன். தெரிஞ்சும் அந்தம்மாவத் திட்டு வாங்க வச்சேன்.”

கோஸ்தின் பாய்வான் என்று எதிர்பார்த்தார். அவனோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். இலிங்காவுக்கு ஏதோ தட்டியது.

“வேற யாராவது?”

கோஸ்தினின் கை பாதி எழும்பியது. “எனக்கும் தடுப்புன்னுதான் சொன்னாங்க...”

“நாங்க பாதிதான் எடுத்தோம்” என்றது இரண்டாம் மாடி.

“நாங்க கதவக் கொஞ்சம் அகலமாக்கினோம், அவ்வளவுதான்” என்றது ஆறாம் மாடி.

“எவ்வளவு அகலம்?”

“சுவரளவு.”

ஒரு கணம் ஹொரியாவுக்கு நெஞ்சு லேசானது. தான் மட்டுமில்லை. அப்போதுதான் அக்லயாவைப் பார்த்தார். தன்னைத் திட்டிய ஒவ்வொருவரையும், உயர்ந்திருந்த கையையும் அவர் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சு மறுபடி கனத்தது, முன்பைவிட அதிகமாக.

அக்லயா காகிதத்தை வாங்கித் தபால் பெட்டிமேல் வைத்துக் கையெழுத்திட்டார். “சட்டம் கட்டினா என் கதவு மூடுமா பொண்ணு?”

“தரை இனிமே இறங்காதும்மா. இறங்கினது இறங்கினதுதான்.” இலிங்கா மற்றவர்களிடம் திரும்பினாள். “நாளைலேர்ந்து ஒவ்வொரு வீடா பாக்கறேன். இப்ப போங்க.”

யாரும் லிஃப்டில் ஏறவில்லை. கோஸ்தின்கூட நுனிக்காலில்தான் படி ஏறினான். அக்லயா மட்டும் பாதம் முழுக்கப் பதித்து, தட்தட்டென்று ஏறினார். ஹொரியா இரண்டு படி பின்னால், அவரைத் தாண்டிப் போகத் துணியாமல், மூன்றாம் மாடிவரை அந்தச் சத்தத்தின் பின்னாலேயே போனார்.