கோணல் கைப்பிடி

“வளைவுல அப்படித் தொங்குறப்போ நீங்க எதைப் பாப்பீங்க?” என்று வானொலியிலிருந்து வந்த ஒரு பெண் மிலாடாவிடம் ஒருமுறை கேட்டாள்.

மிலாடா பதில் தேடுவதற்குள் அவள் கணவன் ஒட்டா முந்திக்கொண்டான். “என் முதுகைத்தான். அந்த வேகத்துல அதைவிட நல்ல காட்சி அவளுக்கு வேற எங்க கிடைக்கும்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் வேடிக்கைக்குச் சொன்னாலும் அது பொய்யில்லை. மோட்டார் சைக்கிளின் வலப்பக்கம் ஒற்றைச் சக்கரத்தோடு ஒரு பலகையைப் பிணைத்து இருவர் ஓடும் சைடுகார் பந்தயத்தில், பலகைமேல் இருப்பவருக்குச் சாலை தெரியாது. இடது வளைவு வந்தால் ஓட்டுகிறவனின் முதுகுக்குப் பின்னால் போய்ச் சாய வேண்டும். வலது வளைவு வந்தால் பலகைக்கு வெளியே, தார் முகத்தில் உரசும் அளவுக்குத் தொங்க வேண்டும். சாயாவிட்டால் மூன்றாவது சக்கரம் எழும்பிவிடும். எப்போது சாய்வது என்பதை மிலாடா ஒட்டாவின் முதுகைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். தோள்பட்டை எலும்பு லேசாக அசையும். அதற்குள் அவள் உடம்பு கிளம்பியிருக்கும்.

பிப்ரவரியில் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்த ஒட்டா, மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான். அவ்வளவுதான். மிலாடா ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, ஏதோ யோசிக்கிறான் என்றுதான் நினைத்தாள்.

அடக்கத்தின்போது அவள் அழவில்லை. இரவில் அழுவாள் என்று பக்கத்து வீட்டார் பேசிக்கொண்டார்கள். இரவிலும் அழவில்லை. பள்ளிச் சமையலறைக்கு வேலைக்குப் போனாள், மாவு உருண்டைகளை வேகவைத்து நூலால் அறுத்தாள், திரும்பி வந்தாள். ஒருநாள் சூடான தட்டை வெறுங்கையால் எடுத்துவிட்டு, விரல் சிவந்த பிறகுதான் கீழே வைத்தாள்.

கொட்டகையில் வண்டி பிரித்தபடியே கிடந்தது. ஐம்பதுகளில் செய்த ஐநூறு சிசி ஜாவா அது. யாரோ ஒரு விவசாயியின் கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த அதன் சட்டத்தை ஒட்டாதான் கண்டுபிடித்து வாங்கி வந்தான். சட்டத்தை வெட்டித் தாழ்த்தினான். சின்னச் சக்கரங்கள் போட்டான். எடையைக் குறைக்க பிரேக் தட்டு முழுக்க ஓட்டை போட்டான். வருடா வருடம் பழைய வண்டிகளின் பந்தயங்களில் அதில்தான் இருவரும் ஓடினார்கள். இந்தக் குளிர்காலத்தில் எஞ்சினைக் கழற்றி, பழைய படுக்கை விரிப்பால் மூடி வைத்திருந்தான்.

அடக்கத்துக்கு வந்த அவன் தம்பி ராடிம் திரும்பிப் போகவில்லை. பல வருடங்களாக ஜெர்மனியில், பணக்காரர்களின் பழைய கார்களைப் புத்தம் புதிதாக்கித் தரும் பட்டறையில் வேலை செய்தவன். அண்ணன் ஓடிய ஒரு பந்தயத்தைக்கூட அவன் வந்து பார்த்ததில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான்.

“அண்ணி, ஜூன்ல நம்ம ஊர்ப் பந்தயத்துக்கு ஒட்டா பேர் கொடுத்திருக்கான். முப்பத்துநாலாம் நம்பர். கிளப்புல அந்தப் பேரை இன்னும் அடிக்கல. நான் வண்டியை முடிச்சு ஓட்டுறேன். ஒரே ஒரு தடவை. நீங்க ஏறுவீங்களா?”

“சரி” என்றாள் மிலாடா.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“சரின்னுதானே சொன்னேன். சூப் ஆறுது, சாப்பிடு.”

பலகையில் ஏறினால் அவளுக்குள் ஏதாவது திரும்பி வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள், ஆனால் முகம் தெரியாத யாருக்கோ நல்லது நடக்கட்டும் என்று நினைப்பதுபோல.

ராடிம் வேலையில் இறங்கினான். உருளைகளைக் கடைந்து புது பிஸ்டன் போட்டான். தீப்பொறி தரும் மேக்னெட்டோவை ப்ர்னோ நகரத்துக்கு அனுப்பிப் புதிதாகச் சுற்றி வாங்கினான். கிளப் சுவரில் இதே வண்டியின் பழைய புகைப்படம் ஒன்று இருந்தது. முதல் சொந்தக்காரரும் அவரோடு பலகையில் ஓடிய நெட்டையான கூட்டாளியும் மாலையோடு நிற்கும் படம். அதைப் பெரிதாக்கிக் கொட்டகைச் சுவரில் மாட்டி, அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தான். கோணல் என்றாலே ராடிமுக்குப் பல் கூசும். ஒட்டா அவசரத்துக்குப் பற்றவைத்த இடங்களையெல்லாம் ராவி மழமழவென்று ஆக்கினான். எடைக்காகப் போட்ட ஓட்டைகளின் விளிம்பைக்கூடத் தேய்த்துப் பளபளக்க வைத்தான்.

“பொறுமைங்கிறது எங்கண்ணனுக்குக் கிடையவே கிடையாது அண்ணி. இங்க பாருங்க, கண்ணை மூடிக்கிட்டு வெல்டிங் பண்ணியிருக்கான்.”

“ம்.”

“ஒரு தடவை பலகையில உக்காந்து பாத்துடுங்களேன். எட்டுதா, கொள்ளுதான்னு.”

“எல்லாம் சரியாத்தான் இருக்கும்.”

காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டொரு முறை இப்படி நடந்த பிறகு அவனும் கூப்பிடவில்லை.

பந்தயத்துக்கு முதல் நாள் ஊர் முழுக்க வைக்கோல் கட்டுகள் அடுக்கியிருந்தார்கள். சர்ச் மதிலோரம் கூடாரங்கள், வறுத்த தொத்திறைச்சி, கடுகு, பீர். அதற்கெல்லாம் மேலே விளக்கெண்ணெய்ப் புகை. பழைய பந்தய எஞ்சின்களுக்கு அந்த எண்ணெயைத்தான் ஊற்றுவார்கள். அது எரியும் வாசனைக்காகவே தொலைவிலிருந்து வருகிறவர்கள் உண்டு. ஒட்டாவின் வண்டி உறுமி முதல் புகை விட்டபோது ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிலாடாவுக்கும் வாசனை வந்தது. விளக்கெண்ணெய் வாசனை.

பந்தயத்துக்கு முன் வண்டிகளைச் சோதித்து அனுப்புகிறவர் ஹோலுப். பெருத்த வயிறு, அதைவிடப் பெருத்த குரல். வண்டியைச் சுற்றி வந்தவர் சீட்டி அடித்தார்.

“யாருடா இது, பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ளை மாதிரி நிக்குது? ஒட்டா வண்டின்னா எண்ணெய் ஒழுகணுமே, எங்க ஒழுக்கு?”

“ஒழுகாது அண்ணே.”

“ஒழுகலைன்னா உள்ள எண்ணெயே இல்லைன்னு அர்த்தம்டா.” பிரேக்கை அழுத்திப் பார்த்தார். எண்ணெய் மூடி கழன்றுவிடாமல் கம்பி கட்டியிருக்கிறதா என்று விரலால் தடவினார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எஞ்சினை உறுமவிட்டார்கள். அவசரமாகப் பலகையின் கைப்பிடியைப் பிடித்து, தன் முழு எடையையும் போட்டு இழுத்தார். “கல்லு மாதிரி இருக்கு. மிலாடா, எப்படிம்மா இருக்க?”

“இருக்கேன்.”

அவர் வேறெதுவும் கேட்காமல் அவள் ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

பயிற்சி ஓட்டத்துக்குக் கொடி காட்டியதும் ராடிம் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினான். மிலாடா பின்னாலிருந்து தள்ளினாள். எஞ்சின் பிடித்ததும் அவன் தாவி ஏறினான், அவள் பலகையில் குதித்தாள். கால்கள் தாமாகவே இடம் தேடிக்கொண்டன. கடைத்தெரு, தபால் நிலையம், பாலம் எல்லாம் பின்னால் ஓடின. அவள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பேருந்தில் போவதுபோல் இருந்தது.

மாவு மில்லருகே இடது வளைவு. ராடிமின் முதுகுக்குப் பின்னால் போய்ச் சாய்ந்தாள். அகலமான முதுகு, அதில் எதுவும் அசையவில்லை. அதை ஒட்டியே சர்ச்சடியில் வலது வளைவு. இங்கேதான் பிடியை விட்டுவிட்டுப் பலகையின் குறுக்கே பாய்ந்து, இடது கையால் நடுக் கைப்பிடியைப் பிடித்து வெளியே தொங்க வேண்டும். எத்தனையோ வருடங்களாகக் கண்ணால் பார்க்காமலே பிடித்த கைப்பிடி. பாய்ந்தாள். கை மூடியது.

உள்ளே ஒன்றும் இல்லை.

தோள் பலகையில் மோதியது. மூன்றாவது சக்கரம் மேலே எழும்பியது. ராடிம் திருப்புவதை விட்டுவிட்டு நேராகப் போக, வண்டி வைக்கோல் கட்டுகளைப் பிளந்துகொண்டு போய் நின்றது. அவள் அவனுடைய இடுப்புப் பட்டையைப் பற்றியிருந்தாள். எப்போது பற்றினாள் என்று தெரியவில்லை.

“அடி பட்டுச்சா அண்ணி? ஏன் சாயல? ஏன் நீங்க சாயவே இல்ல?”

“இல்ல” என்றாள் அவள். எந்தக் கேள்விக்கு என்று சொல்லவில்லை.

இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடாரத்துக்கு வந்தபோது ஹோலுப் மூச்சு வாங்க ஓடி வந்தார். குனிந்து பலகையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“எங்கடா அந்தக் கோணப் பிடி?”

“எது?”

“இந்த இடத்துல வளைஞ்சு நெளிஞ்சு ஒண்ணு வெளிய நீட்டிக்கிட்டு இருக்குமே, ரப்பர் சுத்தி.”

“அதா? அறுத்துட்டேன். படத்துல இருக்கிற மாதிரி நேராப் போட்டு நிக்கல் பூசியிருக்கேன்.”

ஹோலுப் தலையில் கை வைத்தார். “முட்டாப் பயலே! நானும் ஒரு முட்டாள், பலமா இருக்கான்னு பாத்தேனே ஒழிய எங்க இருக்குன்னு பாக்கல. அவ இடது முழங்கை நீளாதுடா. கல்யாணமான வருஷம் ரெண்டு பேரும் கவுந்து விழுந்தப்போ ஒடைஞ்சது. கூடினதும் கோணலாத்தான் கூடிச்சு. அதுக்காகத்தான் ஒட்டா அந்தப் பிடியை வளைச்சு வச்சான். அவ கை போற எடத்துக்குப் பிடி வரணும்னு.”

ராடிம் திரும்பி மிலாடாவின் கையைப் பார்த்தான். நான்கு மாதமாக அவனுக்குச் சூப் ஊற்றிய கைதான் அது.

“ஏன் அண்ணி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

மிலாடா யோசித்துப் பார்த்தாள். “ஞாபகம் வரல” என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். அவளுக்கு ஒரு முழங்கை இருப்பதே ஞாபகம் வரவில்லை.

“அறுத்ததை எங்க போட்ட?” என்று கேட்டார் ஹோலுப்.

“பழைய இரும்புக்குப் போயிடுச்சு. ஏப்ரல்லயே.”

“சரி விடு. பந்தயம் நாளைக்குத்தானே. பக்கத்துக் கூடாரத்துல வெல்டிங் மெஷின் இருக்கு. எங்க வேணும்னு அவ காட்டட்டும், ஒட்டு. நான் மறுபடி வந்து பாத்துக் கையெழுத்துப் போடுறேன்.” அவரை யாரோ கூப்பிட, வயிற்றைத் தூக்கிக்கொண்டு போனார்.

ராடிம் நிக்கல் பிடியைக் கழற்றினான். சாக்குக்கட்டி ஒன்றை எடுத்துக்கொண்டான்.

“பழைய மாதிரியே பாயுங்க அண்ணி. கை எங்க மூடுதோ அங்க கோடு போட்டுக்கிறேன்.”

மிலாடா பின்னாலிருந்து குறுக்கே பாய்ந்தாள். கை மூடியது. அவன் அதற்கு நேரே சட்டத்தில் கோடு போட்டான்.

“இன்னொரு தடவை. சரிபாத்துக்கலாம்.”

இந்தமுறை கை ஒரு சாண் முன்னால் போய் மூடியது.

“பரவாயில்ல. யோசிக்காமப் பாயுங்க.”

மறுபடி பாய்ந்தாள். இன்னும் கீழே. அவன் சாக்குக்கட்டியைப் பையில் போட்டுக்கொண்டு இருக்கையில் ஏறி, ஓட்டுகிற மாதிரியே குனிந்து உட்கார்ந்தான். “என்னைப் பாத்துப் பாயுங்க. சர்ச் வளைவு வருதுன்னு நினைச்சுக்குங்க” என்றான். அந்த முதுகைப் பார்த்தாள். தையல் பிரியாத புதுத் தோல்சட்டை. தோள்பட்டை எலும்பு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. பாய்ந்தாள். கை எங்கோ மூடியது. விரித்து மறுபடி மூடிப் பார்த்தாள்.

“இங்கயா அண்ணி?”

“இருக்கலாம்.”

“இல்ல, கொஞ்சம் மேலயா?”

“தெரியல ராடிம். எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல.”

அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. உப்பு எங்கே என்று கேட்டால் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

ராடிம் இறங்கி வந்து சட்டத்தின் முன் குந்தினான். சட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளைக் கோடுகள். எதுவும் எதற்கும் அருகில் இல்லை. ஒவ்வொன்றின்மேலும் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். அண்ணன் பற்றவைத்த தடம் இருந்த இடத்தை அவனே ராவி மழமழவென்று ஆக்கியிருந்தான். கண்டுபிடிக்க ஒரு வடுகூட இல்லை.

வெளியே ஒலிபெருக்கியில் மதியப் பயிற்சி ஓட்டத்துக்கான எண்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்துநாலும் வந்தது.

அவன் சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்தான். வண்டியின் முகப்பிலிருந்த எண் தகட்டின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். தகட்டைக் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். மிலாடா பலகையில் மண்டியிட்டபடியே இருந்தாள். இடது கை இன்னும் நீட்டியபடி இருந்தது, முழங்கை நீளும் வரைக்கும்.

ராடிம் அவளைப் பார்த்தான். பிறகு கூடாரத் துணியை விலக்கி, முப்பத்துநாலை அடிக்கச் சொல்ல, பேர் கொடுக்கும் மேசை இருந்த பக்கம் நடந்தான்.