உட்காரச் சொன்ன முதலாளி

அந்தப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்ததும் காந்தாவுக்கு முதலில் வந்தது பயம்தான். காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் சேலை எடுத்துப்போடும் வேலைக்குச் சேர்ந்து எத்தனையோ தீபாவளி ஆயிற்று. கதவு திறந்ததிலிருந்து சாத்தும் வரை நின்றே பழகிய உடம்பு. கெண்டைக்கால் நரம்பு பச்சைப் புழுவாய்ச் சுருண்டு கிடந்தது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டமே இருப்பதாக யாரோ சொல்ல, போன வாரம் மாடிப்படிக்கு அடியில் ஒளிந்துகொண்டு தொழிலாளர் துறைக்கு போன் போட்டவள் அவள்தான். பேரைச் சொல்லவில்லை. இருந்தாலும் முதலாளி ராஜகோபால் எதிரே வந்தால் சேலை மடிப்பதுபோல் குனிந்துகொண்டாள். வீட்டில் புருஷனுடைய தறிக்கு நெய்யப் பாவு நூல் வராத மாதம் இது. இந்த வேலையும் போனால் அடுப்பு எரியாது.

பக்கத்துக் கடைக்குத் தொழிலாளர் துறை அதிகாரியம்மா வந்திருக்கிறார் என்ற சேதி கிடைத்ததும் ராஜகோபால் அவசர அவசரமாக ஸ்டூல்களை வாங்கிவரச் செய்தார். ஒட்டியிருந்த விலைச் சீட்டுகளை நகத்தால் தானே சுரண்டி எடுத்தார்.

"அந்தம்மா போற வரிக்கும் ஒருத்தியும் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தா அப்பிடியே வூட்டுக்குப் போயிடணும், ஆமா!"

அதிகாரி வந்தார். அவசரமே படாத அம்மாள். ஒரு ஸ்டூலை ஆட்டிப் பார்த்தார், கழிப்பறையை எட்டிப் பார்த்தார், கல்லாவுக்கு எதிரே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து வாலாஜாபாத் கல்யாணக் கூட்டம் ஒன்று வேன் நிறைய வந்து இறங்கியது.

காந்தாவின் கால்கள் அவளைக் கேட்காமலே எழுந்தன. முதலாளி கண்ணாலேயே அழுத்தி உட்காரவைத்தார். நின்றதற்காக அவரிடம் முறைப்பு வாங்கியது அன்றைக்குத்தான்.

"இன்னாமா, எல்லாரும் குந்திக்கினு இருக்கீங்க? சேலை காட்ட ஆள் இல்லியா?" என்றாள் கல்யாணப் பெண்ணின் அம்மா.

ராஜகோபால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேலை அலமாரிக்குத் தாவினார்.

"கடைக்குப் புதுசாப்பா?" என்று அவரைக் கேட்டாள் அவள். "அந்த மாம்பழக் கலரை எடு. அது இல்ல, அதுக்கு மேல."

நான்தான் முதலாளி என்று சொல்ல வாயெடுத்தவர் விழுங்கிக்கொண்டார். சொன்னால் உடனே தள்ளுபடி கேட்பார்கள். ஏறினார், இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒருவழியாக அதிகாரி எழுந்தார்.

"யார் புகார் பண்ணாங்கன்னு தேடாதீங்க சார். யாரையாவது வேலைய விட்டு நிறுத்துனீங்கன்னா மறுபடியும் வருவேன்."

அவர் படியிறங்கிய நொடியில் ராஜகோபால் மூச்சு வாங்க வந்தார். "காந்தா, எழுந்து வாம்மா."

எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. "காலு மரத்துப் போச்சு மொதலாளி. ஊசி குத்துற மாதிரி இருக்குது."

"வேணும்னே பண்றியா?"

"எழுந்தா வூட்டுக்குப் போவணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் பக்கத்து ஸ்டூல் ரேவதி, குனிந்த தலை நிமிராமல்.

அதற்குள் கல்யாணக் கூட்டத்தார் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். காந்தாவின் பாதத்தில் மெல்ல உணர்வு திரும்பியது. கட்டைவிரலை அசைத்துப் பார்த்தாள். அசைந்தது. இப்போது எழுந்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று இருந்துவிட்டாள். பயம் போய்விடவில்லை. அதுவும் அவளோடு உட்கார்ந்திருந்தது.

கட்டினால் எப்படி இருக்கும் என்று காட்டச் சொன்னார்கள். மாம்பழக் கலர் முந்தானையைத் தோளில் போட்டு, கொசுவத்தை இடுப்பில் பிடித்துக்கொண்டு, ராஜகோபால் ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்றார்.

"கொஞ்சம் திரும்புப்பா," என்றாள் பெண்ணின் அம்மா.

திரும்பினார். கண்ணாடிக்குள், ஜரிகை மின்னும் அவர் தோளுக்குப் பின்னால், வரிசையாக உட்கார்ந்தபடி அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.